பெட்ரோல் முள்ளும் ஒரு பழியும்: பழைய கார்களின் அளவுகாட்டியைச் சோதிக்கும் முறை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, வழக்கம்போல் நான் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இந்த முறை மோட்டார் காரில் இருக்கிற பெட்ரோல் முள்ளைப் பற்றி எழுதுகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகிற மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். கடைசிவரை படித்துவிட்டு அவர்களே முடிவு சொல்லட்டும்.

கொல்கத்தாவில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் அப்பா காலத்து அம்பாசடரோ ஃபியட்டோ இன்னும் நிற்கிறது. விற்க மனசு வராது. தூரமாக எடுத்துப்போகவும் பயம். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது இதுதான்: "ஐயா, எஞ்சின் நல்லாத்தான் ஓடுது. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னுதான் தெரியமாட்டேங்குது. மீட்டரை மாத்திடலாமா?" நான் சொல்வது: "மாத்தாதீங்க. முதல்ல சோதிச்சுப் பாருங்க." எப்படிச் சோதிப்பது, ஏன் சோதிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் பழைய கார் எல்லாவற்றையும் 'வின்டேஜ்' என்கிறோம். இங்கிலாந்து வழக்கப்படி 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிக்குத்தான் அந்தப் பெயர். நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டி, மூல உருவம் மாறாமல் காப்பாற்றப்படும் வண்டி 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு பெறலாம். நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். என்னிடம் இருப்பது 1968ஆம் வருஷத்து அம்பாசடர் மார்க் 2. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் பிறந்தது. 1958 முதல் 2014 வரை அந்தத் தொழிற்சாலையில் அம்பாசடர் வந்துகொண்டிருந்தது. நம் அரசாங்க விதிப்படி அது வின்டேஜ். ஆங்கிலேயன் கணக்குப்படி அல்ல. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஒன்றை உண்டு, இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நடந்தது என்ன

2009 மழைக்காலம். அப்போது எங்கள் வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். பீகார் சாப்ரா பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். காலையில் வண்டியை எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சில்லறை வேலைகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் படாபஜார் கடைக்கு வருவார். ராத்திரி எட்டரை மணிக்குக் கடையை அடைத்து நான் ஏறி வீட்டுக்கு வருவேன். ஆகவே வண்டியை நான் பார்ப்பது ராத்திரியில்தான்.

ஜூன் மாதக் கடைசியிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். காலையில் டெலிபோனில் கேட்டால் "பாதிக்கு மேல இருக்கு பாபுஜி" என்பார். ராத்திரி ஏறிப் பார்த்தால் முள் காலுக்குக் கீழே கிடக்கும். ஒரு நாளில் வண்டி ஓடுவது முப்பது கிலோமீட்டர். அதற்கு மூன்று நாலு லிட்டர் போதும். மிச்சம் எங்கே போச்சு? ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். ஜூலை மாதம் ஒரு நாள் கேட்டே விட்டேன். கேட்ட விதமும் நன்றாயில்லை. அவர், "மீட்டர் பொய் சொல்லுது பாபுஜி, பெட்ரோல் இருக்கு" என்றார். "மீட்டருக்கு என்ன, உன்மேல பகையா?" என்றேன். சாவியை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

இனி முள்ளைப் பற்றிப் பார்ப்போம். கதையை முடிவில் சொல்கிறேன்.

முள்ளுக்கு முந்திய காலம்

ஆதியில் கார்களில் அளவுகாட்டியே கிடையாது. 1908 முதல் 1927 வரை விற்ற ஃபோர்டு டி மாடலில் முன் சீட்டுக்கு அடியில் டேங்க். சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து வந்த ஏ மாடலில் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னாலேயே இருந்ததால், மிதவையே நேராகக் கண்ணாடிக்குப் பின்னால் அளவைக் காட்டியது. நடுவில் வயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1961 வரையிலும் முள் இல்லாமலே ஓடியது. பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வ் திருகைத் திருப்ப வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு அந்த ரிசர்வ் நன்றாகத் தெரியும்.

டேங்க் வண்டியின் வால்பக்கம் போனதும்தான் தொல்லை ஆரம்பித்தது. பின்னால் இருக்கிற பெட்ரோலின் அளவை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல ஒரு தூதன் வேண்டும். மின்சாரம் அந்தத் தூதனாயிற்று.

முள் எதை அளக்கிறது?

இதுதான் முக்கியமான இடம். முள் பெட்ரோலை அளப்பதில்லை. தன் வழியாக ஓடும் மின்சாரத்தை அளக்கிறது; நாம் அதைப் பெட்ரோல் என்று வாசிக்கிறோம்.

டேங்குக்குள் ஒரு மிதவை. பழைய வண்டிகளில் அது தக்கையாகவோ பித்தளைக் குடுவையாகவோ இருக்கும். அதோடு ஒரு கம்பிக் கை. மிதவை ஏறி இறங்கும்போது கையின் மறுமுனை, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு தகட்டின்மேல் உரசிக்கொண்டு போகும். எந்த இடத்தில் தொடுகிறதோ அதைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். இந்த முழு அமைப்பையும் மிஸ்திரிகள் 'டேங்க் யூனிட்' என்பார்கள். அதிலிருந்து ஒரு வயர் முன்னால் மீட்டருக்கு வருகிறது. திரும்பிப் போகிற வழிக்கு வயர் கிடையாது. டேங்க், பாடி, சேஸிஸ் என்று இரும்பே திரும்பும் வழி. அதைத்தான் எர்த் என்கிறோம்.

ஆக, சங்கிலியில் ஆறு கண்ணிகள்: மிதவை, தடைக்கம்பி, வயர், எர்த், மீட்டர், மீட்டருக்கு வரும் கரண்ட். ஆறில் எது கெட்டாலும் பழி விழுவது மீட்டர் மேல். எங்கள் வீட்டில் பழி ஏழாவதாக ஒரு மனிதர்மேல் விழுந்தது.

இரண்டு வகை முட்கள்

சோதனைக்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள்.

முள் உடனே துள்ளி எழுந்து, வளைவுகளில் ஆடினால் அது காந்த வகை. உள்ளே இரண்டு கம்பிச்சுருள்கள் ஓர் இரும்புத் துண்டை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இரண்டின் பலத்தையும் ஒப்பிட்டு முள் நிற்பதால், பேட்டரி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் காட்டுவது அதிகம் மாறாது. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வண்டிகளில் இதுவே பெருவழக்கு.

முள் சோம்பலாக, அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு எழுந்து அசையாமல் நின்றால் அது சூட்டு வகை. இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்றின்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். வோல்டேஜ் கூடினால் சூடும் கூடிவிடும் என்பதால் இதற்கு ஒரு காவல்காரன் உண்டு: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். 12 வோல்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரி 10 வோல்ட் ஆக்கும் சின்ன டப்பா. டேஷ்போர்டின் பின்புறம் இருக்கும்.

இரண்டும் நேர் எதிர் குணம். காந்த வகையில் டேங்க் காலியானால் தடை பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். நிறைந்தால் 70, 80 ஓம் என்று ஏறும். சூட்டு வகையில் காலியானால் தடை 250 ஓம் அளவில் இருக்கும். நிறைந்தால் 20, 30 ஓமுக்கு இறங்கிவிடும். இதனால் ஒரே கோளாறு இரண்டு வண்டியிலும் எதிரெதிராகத் தெரியும். டேங்க் வயர் அறுந்தால் காந்த முள் 'ஃபுல்' காட்டும். சூட்டு முள் படுத்துவிடும். வயர் உரசி பாடியில் ஒட்டினால் காந்த முள் 'காலி' என்னும். சூட்டு முள் 'ஃபுல்' என்னும்.

மல்லிக் பஜாரில் பழைய சாமான் வாங்கி மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு வகை மீட்டரும் மறு வகை டேங்க் யூனிட்டும் ஜோடி சேர்ந்தால், பெட்ரோல் போடப்போட முள் இறங்கும். இரண்டும் நல்ல சாமானாகவே இருக்கும்; ஜோடிதான் தப்பு. எங்கள் வண்டியிலும் யாரோ ஒரு காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மீட்டர், டேங்க் யூனிட் இரண்டையும் சேர்த்தே சூட்டு வகையாக மாற்றியிருந்தார்கள்.

தொடுவதற்கு முன்

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் அபாயம், ஏனென்றால் அதில் இருப்பது ஆவி. ஆகவே வேலை திறந்த வெளியில்தான். பீடி, சிகரெட், பூஜை விளக்கு, எரிகிற பல்பு எதுவும் பக்கத்தில் கூடாது. டேங்க் பக்கம் கை வைக்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். டிக்கியைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். பொறி வரக்கூடிய எந்தச் சோதனையையும் டேங்க் அருகே செய்யாதீர்கள். கீழே நான் சொல்லும் வரிசையில் பாதிக்கு மேல் டேஷ்போர்டு பக்கமே முடிந்துவிடும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். எந்த முனை பாடியில் கட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை வரிசை

1. நோட்டுப் புத்தகம். டேங்கை வாய்வரை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். சில நாள் ஓட்டி மறுபடி வாய்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். வழக்கமான மைலேஜ் வந்தால் பெட்ரோல் ஒழுகவும் இல்லை, யாரும் எடுக்கவும் இல்லை. கோளாறு முள்ளில். மைலேஜ் விழுந்திருந்தால் ஒழுக்கு, கார்புரேட்டர் என்று வேறு வழியில் தேட வேண்டும். இதற்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

2. மற்ற முட்கள். உங்கள் வண்டியில் எஞ்சின் சூடு காட்டும் முள்ளும் மின்சார முள்ளாக இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அதிகம் காட்டினாலோ, சேர்ந்து படுத்தாலோ, டேங்கை விடுங்கள், ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதன் எர்த் விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் போய், எல்லா முள்ளும் தூக்கிக் காட்டும். சாதாரண முள் மல்டிமீட்டரை அதன் வெளிமுனையில் வைத்தால் ஊசி துடிக்க வேண்டும். துடிக்காமல் 12இல் நின்றாலோ, ஒன்றுமே இல்லையென்றாலோ ஸ்டெபிலைசர் போச்சு. புதிது மாட்டும்போது பழையது எப்படி நின்றதோ அப்படியே நேராக நிற்கட்டும். சாய்த்து மாட்டினால் அளவு மாறும்.

3. மீட்டர். டேங்கிலிருந்து வரும் வயரை மீட்டர் முனையிலேயே கழற்றி, சாவியைத் திருப்புங்கள். காந்த முள் 'ஃபுல்'லுக்குப் போக வேண்டும். சூட்டு முள் 'காலி'யில் கிடக்க வேண்டும். பிறகு மீட்டரின் அந்த முனையை ஒரு வயரால் எர்த்தில் தொடுங்கள். இப்போது இரண்டும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். சூட்டு வகையில் ஒரு ஜாக்கிரதை: நேராகத் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே கம்பி கருகும். 22 ஓம் தடை ஒன்றை இடையில் வைத்துத் தொடுவது நல்லது. அதில் 'ஃபுல்' அருகே வந்து நின்றால் மீட்டர் குற்றமற்றது.

4. வயரும் டேங்க் யூனிட்டும். சாவி அணைத்திருக்க, கழற்றிய வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். வயர், டேங்க் யூனிட், எர்த் மூன்றும் சேர்ந்த தடை அது. மேலே சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா? ஒருவர் பம்பரில் உட்கார்ந்து வண்டியை ஆட்டட்டும். அளவு மெல்ல ஏறி இறங்கினால் நல்லது. எகிறிக் குதித்தால் எங்கோ பிடிப்பு இல்லை. முடிவேயில்லாத தடை என்றால் வயர் அறுந்திருக்கிறது.

5. எர்த். இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான்கு பண்டிகைக்கு ஒரு தரம் முழங்கால் தண்ணீரில் மிதக்கிற கொல்கத்தா வண்டிகளுக்கு இதை முதலாவதாகவே பார்க்கலாம். ஒரு நீள வயரை முதலில் டேங்கின் உடம்பில் கவ்வவிட்டு, மறுமுனையைக் கடைசியாக பேட்டரியின் எர்த் முனையில் தொடுங்கள். வரிசை மாறக் கூடாது. பொறி வந்தால் அது பேட்டரி பக்கம் வரட்டும். முள் தன் இடத்துக்கு வந்தால் வேறு எதையும் பிரிக்க வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளக்கத் தேய்த்து, புதுப் பல்வாஷரோடு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது.

6. டேங்க் யூனிட்டைக் கழற்றுவது. எல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால்தான் இது. டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது, பேட்டரி கழற்றிய நிலையில், எந்தத் திசையில் இருந்தது என்று கோடு போட்டுக்கொண்டு எடுங்கள். வெளியே கொண்டுவந்து, கையை மெல்ல அசைத்து ஓம் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் விட்டுப்போனால் கம்பி தேய்ந்திருக்கிறது. எப்போதும் கால் டேங்கிலேயே ஓட்டுகிற சிக்கனக்காரர் வண்டியில் அந்தக் கால் பாகத்தில்தான் தேய்ந்திருக்கும். பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே களகளவென்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. அது மூழ்கி, டேங்க் நிறைந்தாலும் 'காலி' என்றே சொல்லும். அதன்மேல் சூட்டுக்கோல் வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டாம். உள்ளே இருக்கிற ஆவி வெடிக்கும். புது மிதவை வாங்கிவிடுங்கள்.

தக்கை மிதவைக்காரர்களுக்கு இன்னொன்று. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் என்ற அளவை எட்டியது. பழைய தக்கைகளுக்கு அரக்குப் பூச்சு போட்டிருப்பார்கள். அரக்கு சாராயத்தில் கரையும் என்பது பர்னிச்சர் பாலிஷ் போடுகிற எல்லாருக்கும் தெரியும். பூச்சு கரைந்தால் தக்கை ஊறி எடை கூடி, தாழ மிதக்கும். முள் குறைத்துச் சொல்லும். உதிர்ந்த பூச்சு போய் கார்புரேட்டரையும் அடைக்கும்.

எங்கள் வண்டியில் கண்டது

டிரைவர் போன பிறகு வண்டியை ஓட்டத் தெரிந்த மருமான் ஒருவன் ஓட்டினான். திருடர் போய்விட்டார் அல்லவா, முள் சரியாக வேண்டுமே? ராத்திரி பார்த்தால் அதே காலுக்குக் கீழே. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பவானிபூர் பக்கம் ஒரு கிழ மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். இருட்டிவிட்டிருந்தது. அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டு, "தாதா, பின்விளக்கு ஏன் இப்படி அழுது வடியுது?" என்றார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, முள்ளைப் பார்க்கச் சொன்னார். முள் மெதுவாக, அரை நிமிஷத்தில், பாதிக்கு ஏறியது. விளக்கைப் போட்டால் மறுபடி இறங்கியது.

டேங்கின் எர்த் வயரும் பின்விளக்குகளின் எர்த்தும் ஒரே போல்ட்டில் கட்டியிருந்தன. மழைத் தண்ணீரில் அந்த போல்ட் துருப்பிடித்துவிட்டது. பகலில் விளக்கு எரியாதபோது, டேங்க் யூனிட்டின் சின்னக் கரண்ட் எப்படியோ துருவைத் தாண்டிப் போய்விடும். ராத்திரி விளக்குகளின் பெரிய கரண்ட்டும் அதே துரு வழியாகப் போகும்போது நெரிசல். துருவிலேயே இரண்டு வோல்ட் நின்றுவிடும் என்று வையுங்கள். 10 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 பங்கு இருக்க வேண்டியது 64 பங்காகிறது. பாதியில் நிற்க வேண்டிய முள் காலுக்குப் பக்கத்தில் படுக்கிறது.

எங்கள் வண்டி சூட்டு வகை ஆனதால் குறைத்துச் சொன்னது. காந்த வகையில் எர்த்துத் துரு எதிராக வேலை செய்யும். இல்லாத பெட்ரோலை இருக்கிறதென்று காட்டும். நம் வண்டி வீண்பழி போட வைத்தது; அது நடுவழியில், குழந்தைகுட்டியோடு நெடுஞ்சாலையில் நிறுத்தும்.

பகலில் பார்த்தவர் "பாதி இருக்கு" என்றார். ராத்திரி பார்த்தவன் "கால்தான் இருக்கு" என்றேன். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னோம். இருவர் சொல்லிலும் விட்டுப்போனது ஒரே சொல்: 'விளக்கு அணைந்திருக்கையில்', 'விளக்கு எரிகையில்'. ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் 'ஒரு வகையில்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஜைன நூல்கள் சொல்லும் ஸியாத்வாதத்தை முப்பது வருஷம் படித்து, சங்கத்தில் பேசியும் இருக்கிறேன். டேஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோனேன்.

அதைவிட வெட்கமானது ஒன்று. போல்ட்டைத் தேய்த்து முடித்த அன்று டேஷ்போர்டு அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கிடைத்தது. டிரைவருடையது. தேதி, கிலோமீட்டர், லிட்டர் எல்லாம் இந்தியில் எழுதியிருந்தார். உட்கார்ந்து கூட்டி வகுத்தேன். ஜூன், ஜூலை இரண்டிலும் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் குறையவில்லை. முந்தின மாதங்களிலும் அதேதான். வாழ்நாள் முழுவதும் கணக்குப் புத்தகம் பார்த்துப் பிழைக்கிற வியாபாரி நான். என் முழங்காலுக்கு முன்னால் இருந்த கணக்கைப் புரட்டாமல், கண்ணாடிக்குள் இருந்த முள்ளை நம்பினேன்.

அளவு பிடித்தல்

கோளாறு நீங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. டேங்க் செங்கல்போல் நேரான பெட்டி அல்ல. அதனால் முள்ளின் பாதி லிட்டரில் பாதி ஆகாது. அம்பாசடர் டேங்க் 54 லிட்டர். எங்கள் வண்டியில் முள் பாதியில் நிற்கும்போது 22 லிட்டர்தான் இருக்கிறது.

அளவு பிடிக்க, டேங்க் காலியை நெருங்கும்போது தெரிந்த பங்குக்கு விடியற்காலம் போங்கள். 5 லிட்டர் போட்டு, மூடியை மூடி, வண்டியை ஓரமாகத் தள்ளிச் சமதளத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி ஒரு நிமிஷம் பொறுத்து முள்ளைக் குறியுங்கள். பிறகு அடுத்த 5 லிட்டர். பெட்ரோல் பிடிக்கும்போது சாவி அணைந்தே இருக்க வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் நாலு வாரத்தில் முடியுங்கள். பம்பின் அளவிலேயே சந்தேகம் என்றால், ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்டுவார்கள். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி.

முள் 'காலி'யைத் தொடும்போது நாலைந்து லிட்டர் மிச்சம் இருக்கும்படி மிதவையின் கையை லேசாக வளைத்து வைப்பது நல்லது. குறித்த அட்டையை டேஷ்போர்டு அறையில் வையுங்கள். அடுத்து ஓட்டுகிறவருக்கு உதவும்.

முடிவாக

இல்லற தருமத்தின் அணுவிரதங்களில் மூன்றாவது திருடாமை. அந்த விரதத்துக்கு நேரும் பிழைகள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று, கொடுக்கும்போது குறைந்த அளவையும் வாங்கும்போது மிகுந்த அளவையும் வைத்துக்கொள்வது. தராசும் படியும் கடையில் சரியாக இருக்கிறதா என்று வருஷாவருஷம் முத்திரை வைக்கிற நான், வண்டியில் ஒரு கள்ள அளவையை வைத்துக்கொண்டு அதைக் கொண்டு ஒரு மனிதரை நிறுத்தேன். திருட்டு என்று யார்மேல் சொன்னேனோ அவர் அந்த விரதத்தில் நின்றார். பிழை செய்தவன் நான்.

அந்த ஆண்டு தசலக்ஷண பர்வத்தின் முதல் நாள், உத்தம க்ஷமை நாள், அவர் இருக்கும் இடத்தை விசாரித்துப் போனேன். வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரச் சொல்லியும் கேட்டேன். "சொல் கொடுத்திட்டேன் பாபுஜி, இந்த வீட்டை விட முடியாது" என்றார். ஆனால் தெருவுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு, ரொம்ப நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. "சரியாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். "வண்டியோட கணக்கு, வண்டியிலேயே இருக்கட்டும்" என்றார்.

அது இன்னும் வண்டியில் இருக்கிறது. அதன் மிச்சப் பக்கங்களில் இப்போது என் மகன் எழுதுகிறான். பழைய கார் வைத்திருக்கும் நம் குடும்பத்தார் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், முதல் சோதனையை மறக்க வேண்டாம். முள்ளைப் பார்த்து யாரையும் எதுவும் கேட்பதற்கு முன், கணக்கைப் பாருங்கள். பிறகு எர்த்தைப் பாருங்கள்.